கருவில் காது உருவாகும்போது: ரோமச் செல்களின் புரதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாருக்குத் தெற்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பிரசவம் கோயம்புத்தூரிலும் தடுப்பூசி பாலக்காட்டிலும் நடப்பது உண்டு. குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்ற சந்தேகம் வந்தால் ஒரு சோதனைச் சீட்டு தமிழ்நாட்டிலும் இன்னொன்று கேரளத்திலும் கிடக்கும். அந்தச் சீட்டுகளைப் புரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்கும், இதையே பாடமாகப் படிக்கும் உயிரியல் மாணவர்களுக்கும் சேர்த்து இந்தப் பக்கம். இருவரும் கேட்பது முடிவில் ஒரே கேள்விதான்: எந்தப் புரதம், எந்த இடத்தில், எந்தக் கட்டத்தில் தவறியது? எந்தச் சோதனை அதைக் காட்டும், எந்தச் சிகிச்சை உதவும் என்பது அதைப் பொறுத்தது.

ரோமச் செல் என்றால் காதுக்குள் முளைக்கும் முடியா?

இல்லை. காதுத் துவாரத்தில் தெரியும் முடிக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்லியாவுக்குள் இந்தச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லின் தலையிலும் ஆக்டின் என்ற புரத இழைகளைக் கட்டுக் கட்டாக அடுக்கிச் செய்த நுண்குச்சிகள் படிக்கட்டு போல உயரம் கூடிக்கொண்டே நிற்கும். நுண்ணோக்கியில் முடி போலத் தெரிந்ததால் அந்தப் பெயர் வந்தது.

உள்வரிசை ஒன்று, வெளிவரிசை மூன்று. மனிதக் காது ஒன்றில் உள்வரிசைச் செல்கள் சுமார் 3,500, வெளிவரிசைச் செல்கள் சுமார் 12,000. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உள்வரிசைதான். வெளிவரிசை, வரும் அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிப் பதில்கள் இதன்மேல்தான் நிற்கின்றன.

கேரளத்துச் சீட்டில் 'கேள்விக்குறவு' என்று எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம். மலையாளத்தில் கேள்வி என்றால் கேட்கும் திறன். பழந்தமிழிலும் அப்படித்தான்.

கருவில் எந்த வாரத்தில் எது நடக்கிறது?

4ஆம் வாரத்தில் தலையின் இரு பக்கமும் தோல் சற்றுத் தடித்து, உள்ளே குழிந்து, ஒரு குமிழாகிறது. அந்தக் குமிழிலிருந்தே காக்லியாவும் சமநிலை உறுப்புகளும் வளர்கின்றன. 10ஆம் வாரத்துக்குள் காக்லியா ஏறத்தாழ இரண்டரைச் சுற்றை முடிக்கிறது. 10 முதல் 12 வாரங்களில் முதல் ரோமச் செல்கள், காக்லியாவின் அடிப்பகுதியை ஒட்டித் தோன்றி நுனியை நோக்கிப் பரவுகின்றன. இந்த வாரங்கள் கரு உருவான நாளிலிருந்து எண்ணப்பட்டவை. மகப்பேறு மருத்துவர் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார். அந்தக் கணக்கு வேண்டுமானால் 2 வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏழாம் மாத வாக்கில் குழந்தை ஓசைக்கு அசைந்து கொடுக்கும். வளைகாப்பில் வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்கும் என்று வீட்டில் சொல்வது காலக்கணக்கில் சரியே. ஆனால் தாயின் வயிற்றுச் சுவர் உச்ச சுருதி ஒலிகளைத் தடுத்துவிடுவதால், வளையலின் கிணுகிணுப்பை விட அம்மாவின் பேச்சே நன்றாக உள்ளே போகும்.

ரோமச் செல்கள் உருவாகத் தொடங்கும் அந்த முதல் மூன்று மாதங்களில் ருபெல்லா தொற்று வந்தால் பாதிப்பு மிகக் கடுமையாக இருக்கும். அதனால்தான் ருபெல்லா தடுப்பூசியைக் கருவுறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பகாலத்தில் அதைப் போடக் கூடாது.

புரதங்கள் எந்த வரிசையில் வருகின்றன?

முதலில் சாக்ஸ்2. 'இந்தத் திட்டில் உணர்செல் வரலாம்' என்று இடம் குறித்துக் கொடுக்கும் புரதம் இது. அடுத்து ஏடோ1. ஒரு செல்லை ரோமச் செல்லாக மாற்றும் சாவி இதுதான். ஏடோ1 மரபணுவை நீக்கிய எலிகளில் ரோமச் செல்லே உருவாகவில்லை என்று 1999இல் காட்டப்பட்டது.

ஏடோ1 வந்த செல் தன் மேற்பரப்பில் டெல்டா, ஜாக்டு வகைப் புரதங்களை நீட்டும். பக்கத்துச் செல்லில் உள்ள நாட்ச் புரதம் அதைத் தொட்டதும் அந்தச் செல்லில் ஏடோ1 அணைக்கப்படும். அது தாங்குசெல்லாக மாறிவிடும். ரோமச் செல்லும் தாங்குசெல்லும் சதுரங்கக் கட்டம் போல மாறி மாறி நிற்பதற்குக் காரணம் இந்தப் பக்கத்து வீட்டுத் தடைதான். நாட்ச் வேலை செய்யாவிட்டால் ரோமச் செல்கள் அளவுக்கு மிஞ்சி உருவாகும். கேட்க நல்லதாகத் தோன்றினாலும், தாங்குசெல் இல்லாத ரோமச் செல் நிலைக்காது.

பிறகு பிஓயூ4எஃப்3, ஜிஎஃப்ஐ1 ஆகிய இரண்டும் வந்து செல்லை உயிரோடு வைத்து முதிரச் செய்கின்றன. பிஓயூ4எஃப்3 பழுதானால் பிறக்கும்போது காது கேட்கும், வயது ஏற ஏறக் குறையும். செல் உருவாவதற்கு ஒரு புரதம், அது நீடிப்பதற்கு வேறொரு புரதம் என்பதற்கு இது நல்ல சான்று.

அதன்பின் வருபவை உழைப்பாளிப் புரதங்கள். மயோசின் 7ஏ நுண்குச்சிக்குள் சரக்கு ஏற்றிச் செல்கிறது. எஸ்பின் ஆக்டின் இழைகளைச் சேர்த்துக் கட்டுகிறது. காட்ஹெரின் 23, புரோட்டோகாட்ஹெரின் 15 ஆகிய இரண்டும் முனையோடு முனை சேர்ந்து, குட்டைக் குச்சியின் நுனியை நெட்டைக் குச்சியின் பக்கவாட்டோடு ஒரு நூலாக இணைக்கின்றன. ஒலி வந்து குச்சிகள் சாயும்போது அந்த நூல் இழுபட்டு, குட்டைக் குச்சியின் நுனியில் உள்ள வாசல் திறக்கிறது. அந்த வாசல் டிஎம்சி1, டிஎம்சி2 புரதங்களால் ஆனது. எலியின் காக்லியாவில் டிஎம்சி2 முதலில் வந்து, பிறந்த சில நாட்களில் மங்கிவிடும். அதன் இடத்தை டிஎம்சி1 எடுத்துக்கொள்ளும். டிஎம்சி1 மரபணு 2002இல் அடையாளம் காணப்பட்டதில் இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களின் பங்கு பெரிது.

கடைசிக் கட்டத்தில் உள்வரிசையில் ஓட்டோஃபெர்லினும் வெளிவரிசையில் பிரெஸ்டினும் முதிர்கின்றன. 2000இல் கண்டறியப்பட்ட பிரெஸ்டின், மின்னழுத்தம் மாறும்போது செல்லையே சுருக்கி நீட்டுகிறது. வெளிவரிசை ஒலியைப் பெருக்குவது இப்படித்தான். எலிக்கு இந்த வேலையெல்லாம் பிறந்த பிறகும் தொடர்ந்து, சுமார் 12ஆம் நாளில்தான் காது திறக்கும். மனிதக் குழந்தை இதைக் கருவிலேயே முடித்துவிடுகிறது. எலி ஆய்வைப் படிக்கும்போது இதை மறந்தால் காலக்கணக்கு முழுவதும் குழம்பும்.

பிறவிக் காது கேளாமைக்கு அதிகம் காரணமான மரபணு ரோமச் செல்லில்தான் இருக்கிறதா?

பலர் அப்படி நினைக்கிறார்கள். ஆனால் பரிசோதனை அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஜிஜேபி2 மரபணு தரும் கனெக்சின் 26 என்ற புரதம் இருப்பது தாங்குசெல்களிலும் பக்கச்சுவரிலும்தான். செல்லுக்குச் செல் சிறு கதவுகளாக நின்று, பொட்டாசியம் முதலியவற்றைக் கடத்துவது அதன் வேலை. 226 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தில், 24ஆம் இடத்திலேயே 'நிறுத்து' என்ற குறி விழுந்துவிடும் மாற்றம் இந்தியாவில் அதிகம் காணப்படுகிறது. அறிக்கையில் அது டபிள்யூ24எக்ஸ் என்று இருக்கும். பத்தில் ஒரு பங்கு நீளத்திலேயே நின்றுபோன புரதம் எதற்கும் பயன்படாது.

இந்தக் குழந்தைகளில் செவி நரம்பு நன்றாகவே இருக்கும். அதனால் செவி நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டும் காக்லியர் இம்ப்ளான்ட் கருவியைக் காலத்தோடு பொருத்தினால் பொதுவாக நல்ல பலன் கிடைக்கும்.

ஓஏஇ சோதனையில் 'பாஸ்' என்று வந்தது. ஆனால் குழந்தை கூப்பிட்டால் திரும்புவதில்லை. எது உண்மை?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஓஏஇ சோதனை, வெளிவரிசைச் செல்கள் திருப்பி அனுப்பும் மெல்லிய எதிரொலியைக் காதில் வைத்த ஒலிவாங்கியால் பிடிக்கிறது. பிரெஸ்டின் வேலை செய்கிறதா என்று கேட்பது போல இது. உள்வரிசையிலிருந்து நரம்புக்குச் செய்தி போகிறதா என்பது அதற்குத் தெரியாது.

ஓட்டோஃபெர்லின் பழுதான குழந்தைக்கு இதுவே நடக்கிறது. வாசல் திறக்கும், செல்லுக்குள் கால்சியம் வரும், ஆனால் நரம்பை எழுப்பும் குளூட்டமேட் பைகள் உடைந்து வெளியேறாது. ஓஏஇ பாஸ் ஆகும், ஆனால் செவி நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போகும் மின்னலைகளைப் பதியும் பெரா சோதனையில் அலையே வராது. சில ஆண்டுகளில் ஓஏஇயும் மறைந்துபோகக்கூடும் என்பதால் முதல் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அந்தப் பழைய 'பாஸ்' ஒரு முக்கியமான தடயம். இந்த மரபணுவின் சில மாற்றங்களில், காய்ச்சல் வரும்போது மட்டும் காது அடைத்தது போல் ஆகி, காய்ச்சல் விட்டதும் சரியாகும். அப்படி நடந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குறைமாதக் குழந்தைகளிலும், கடுமையான மஞ்சள் காமாலை வந்து தீவிரப் பிரிவில் இருந்த குழந்தைகளிலும் மரபணுக் கோளாறு இல்லாமலே இதே முடிவு வரலாம். ஆகவே தீவிரப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் போதாது. பெரா கட்டாயம் வேண்டும்.

இதற்கு எதிர்மாறான நிலையும் உண்டு. பிறந்த முதல் நாளில் ஓஏஇ 'ரெஃபர்', அதாவது மறுபடி பார்க்க வேண்டும், என்று வந்தால் பெரும்பாலும் துவாரத்தில் மீந்திருக்கும் நீரும் மாவு போன்ற படிவும்தான் காரணம். பதறாமல் இரண்டு நாள் கழித்தோ, ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதோ மறுபடி எடுங்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே குறிக்கோள்.

பெரா எடுக்கும்போது குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் போனால் குழந்தை வழியெல்லாம் தூங்கி, சோதனை அறையில் முழித்துக்கொள்ளும். வழியில் விளையாட்டுக் காட்டி விழிப்போடு வைத்திருந்து, அங்கே போய்ப் பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எப்போது பால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காது கேட்காத குழந்தை நடக்கவும் தாமதமாகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டாக இருக்கலாம். சமநிலை உறுப்புகளிலும் ரோமச் செல்கள்தான் இருக்கின்றன. மயோசின் 7ஏ, காட்ஹெரின் 23, புரோட்டோகாட்ஹெரின் 15 ஆகியவை அங்கேயும் வேண்டும், கண்ணின் விழித்திரையிலும் வேண்டும். இவற்றில் ஒன்று முழுதாகப் பழுதானால் அஷர் நோய் முதல் வகை வரும். பிறவியிலேயே காது கேளாது, கழுத்து நிற்பதும் நடப்பதும் தாமதமாகும், பத்து வயதை ஒட்டி இருட்டில் பார்வை குறையத் தொடங்கும்.

இதை மாலைக்கண் என்று எண்ணி வைட்டமின் ஏ கொடுத்துக்கொண்டே காலம் கடத்துவது நடக்கிறது. இது சத்துக்குறைவால் வருவதல்ல. காது கேளாத குழந்தை 18 மாதமாகியும் தனியாக நடக்கவில்லை என்றால், மரபணுச் சோதனையோடு விழித்திரைச் சோதனையும் செய்ய வேண்டும். அஷர் என்று தெரிந்தால் இரண்டு காதிலும் இம்ப்ளான்ட் பற்றிச் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். பின்னாளில் உதட்டசைவையும் சைகையையும் பார்த்துப் புரிந்துகொள்ளக் கண் கைகொடுக்காமல் போகலாம்.

இன்னொன்று, இது புரதம் வேறு, இடம் வேறு: காது கேளாத குழந்தை அழும்போதோ ஓடும்போதோ மயங்கி விழுந்தால் உடனே ஈசிஜி எடுங்கள். கேசிஎன்க்யூ1 என்ற பொட்டாசியம் வாசல் காதின் பக்கச்சுவரிலும் இதயத்திலும் இருக்கிறது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

ஜென்டமைசின், அமிகாசின் ஊசியால் காது போகும் என்கிறார்களே?

இவை ரோமச் செல்லுக்குள் நுழைவது, ஒலிக்காகத் திறக்கும் அதே வாசல் வழியாகத்தான். உள்ளே போன மருந்து எளிதில் வெளியேறாது. வெளிவரிசையும், காக்லியாவின் அடிப்பகுதியும் முதலில் பாதிக்கப்படும். அதாவது உச்ச சுருதி ஒலிகள் முதலில் மறையும். பேச்சில் 'ச', 'ஸ' போன்றவை கேட்காமல் போய், மற்றவை கேட்டுக்கொண்டிருப்பதால் வீட்டில் எளிதில் பிடிபடாது.

பச்சிளம் குழந்தையின் இரத்தத்தில் நச்சுத்தொற்று இருந்தால் இந்த மருந்துகள் உயிரைக் காப்பவை. வேண்டாம் என்று மறுக்காதீர்கள். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லுங்கள்: தாய்வழியில், அதாவது அம்மா, அம்மாச்சி, தாய்மாமன், பெரியம்மா, சித்தி ஆகியோரில் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போயிருக்கிறதா? மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் 1555ஆம் இடத்தில் ஒரு மாற்றம் இருந்தால், சரியான அளவு மருந்தே காதைக் கெடுத்துவிடலாம். அது தாய் வழியாக மட்டுமே வருவதால் அப்பா வீட்டுக் கதை இதற்கு உதவாது.

அக்கா மகளைக் கட்டியதால்தான் இப்படி ஆனதா?

உறவுத் திருமணம் புதிதாக எந்தப் பழுதையும் உண்டாக்குவதில்லை. ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பழுதான பிரதி, கணவன் மனைவி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. குழந்தையின் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு, தாய்மாமன் திருமணத்தில் 8இல் 1; அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் 16இல் 1. இருவரும் ஒரே பழுதைச் சுமப்பவர்கள் என்று தெரிந்துவிட்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4இல் 1 வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்பது தவறான கணக்கு.

பெண்ணைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய் என்னும்போது அப்பாவிடமிருந்து ஒன்று வந்தே ஆகவேண்டும். உறவில் கட்டாத தம்பதிகளுக்கும் இது வரும்.

கல்லூரி ஆய்வகத்தில் ரோமச் செல் புரதங்களைப் பார்க்க முடியுமா?

முடியும். எலியை விடக் கோழிக்கரு எளிது. கடை முட்டை உதவாது, அது கருவுறாதது. பல்லடம், உடுமலைப் பக்கப் பொரிப்பகங்களில் கருவுற்ற முட்டை கேளுங்கள். வேலை தொடங்கும் முன் கல்லூரியின் விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் வாங்குங்கள்.

37.5 முதல் 38 டிகிரி செல்சியஸில், 55 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில், அவ்வப்போது திருப்பி 12 நாள் அடைகாக்கவும். நெறிக்குழு ஒப்புக்கொண்ட முறையில் கருவை எடுத்து, தலையை நடுவில் பிளந்து மூளையை அகற்றினால், அடியில் குருத்தெலும்புக்குள் சிறு வாழைப்பழம் போல வளைந்த குழாய் தெரியும். இந்த வயதில் அது மென்மையாக இருப்பதால் சுண்ணாம்பு நீக்கத் தேவையில்லை. கோழியின் காக்லியா நத்தையாகச் சுருளாது. அதன் நுனியில் வெள்ளைத் துகள்கள் தெரிந்தால் திசை சரி.

4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் அறை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, பிபிஎஸ் கரைசலில் மூன்று முறை கழுவவும். மேல்மூடியையும், ஜவ்வு போன்ற டெக்டோரியல் படலத்தையும் நுண்ணிடுக்கியால் உரிக்கவும். 0.3 சதவீத டிரைட்டானில் 30 நிமிடம், 10 சதவீத ஆட்டு சீரத்தில் 1 மணி நேரம், மயோசின் 7ஏ எதிர்ப்புரதத்தை 200இல் 1 முதல் 500இல் 1 வரை கரைத்து 4 டிகிரியில் ஓர் இரவு. மறுநாள் கழுவி, ஒளிரும் இரண்டாம் எதிர்ப்புரதமும் ஃபலாய்டினும் சேர்த்து, இருட்டில் 1 முதல் 2 மணி நேரம். மயோசின் செல் உடலைக் காட்டும், ஃபலாய்டின் நுண்குச்சிகளின் ஆக்டினைக் காட்டும்.

குச்சிகள் தெரியவில்லை, எங்கும் மங்கலாக இருக்கிறது. எங்கே பிசகியது?

பெரும்பாலும் படலம் உரிபடவில்லை. அது ஒளிரும் மூட்டமாக மேலே கிடக்கும். அடுத்த காரணம், மெத்தனாலில் பதப்படுத்தியது. ஆக்டினின் வடிவம் கெட்டு ஃபலாய்டின் ஒட்டாது. குச்சிகள் படுத்துக் கிடந்தால் கண்ணாடிச் சில்லு அழுத்தியிருக்கும். இரு பக்கமும் மெல்லிய தாங்கி வைத்து, செல் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். அதிக நேரம் ஃபார்மால்டிஹைடில் ஊறினால் எதிர்ப்புரதம் பிடிக்கும் இடங்கள் மூடிக்கொள்ளும். நரம்பு இணைப்பில் உள்ள ரிப்ஐ (RIBEYE) என்ற புரதத்தைப் பார்க்க 10 முதல் 20 நிமிடமே போதும்.

உயிர்த்திசுவில் வாசல் வேலை செய்கிறதா என்று எஃப்எம்1-43 சாயத்தால் பார்ப்பவர்கள் கால்சியம் உள்ள கரைசலிலேயே வேலை செய்ய வேண்டும். கால்சியம் இல்லாவிட்டால் காட்ஹெரின் நூல்கள் அறுந்து, நல்ல செல்லும் சாயத்தை ஏற்காது. சாக்ஸ்2 தெரிகிறது, ஆகவே அது தாங்குசெல் என்று அவசரமாக முடிவு கட்ட வேண்டாம். இளம் ரோமச் செல்லிலும் அது சிறிது காலம் இருக்கும்.

இறந்த ரோமச் செல் திரும்ப முளைக்குமா? மரபணுச் சிகிச்சை வந்துவிட்டதாமே?

கோழியிலும் மீனிலும் தாங்குசெல்கள் புது ரோமச் செல்களாகின்றன. மனிதக் காக்லியாவில் அது நடப்பதில்லை. எண்ணெய் விடுவதாலோ மூலிகைச் சாற்றாலோ திரும்ப வராது.

ஓட்டோஃபெர்லினில் கதை வேறு. செல்கள் உயிரோடு, ஒரே ஒரு புரதம் இல்லாமல் காத்திருக்கின்றன. அதன் மரபணு, சுமந்து செல்லும் வைரஸின் கொள்ளளவுக்கு மிகப் பெரியது என்பதால் இரண்டாகப் பிரித்து இரு வைரஸ்களில் ஏற்றி, செல்லுக்குள் சேரும்படி செய்தார்கள். ஷாங்காயில் ஆறு குழந்தைகளுக்குக் கொடுத்ததில் ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது என்று 2024 ஜனவரியில் வெளியானது. இது ஓட்டோஃபெர்லினுக்கு மட்டும். கனெக்சின் 26 பழுதான குழந்தைக்கு இதே மருந்து உதவாது. இன்று கைக்கு எட்டும் சிகிச்சை காக்லியர் இம்ப்ளான்ட்தான். ஓட்டோஃபெர்லின் பழுதிலும் நரம்பு நன்றாக இருப்பதால் அது நன்கு பலன் தரும். எதிர்காலச் சிகிச்சைக்காக இம்ப்ளான்ட்டைத் தள்ளிப்போட்டால் பேச்சு கற்கும் வயது போய்விடும்.

எல்லையில் இருக்கிறோம். இம்ப்ளான்ட் உதவிக்கு எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது?

ரேஷன் கார்டும் இருப்பிடச் சான்றும் எந்த மாநிலமோ அங்கே. கேரளத்தில் ஸ்ருதிதரங்கம் திட்டம் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்டோருக்கு. முதலில் மாவட்ட மருத்துவமனையின் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். 'டிஇஐசி' என்று கேட்டால் காட்டுவார்கள். குழந்தையின் பிறப்புச் சான்று, பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு, எல்லா ஓஏஇ, பெரா தாள்கள், தீவிரப் பிரிவில் கொடுத்த மருந்துகளின் பட்டியல், மரபணு அறிக்கை ஆகியவற்றின் நகலை ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். பெரா தாளில் அலைக்கோடுகள் அச்சான பக்கமும் இருக்க வேண்டும். முடிவு எழுதிய பக்கம் மட்டும் இருந்தால் மறுபடி சோதனை எடுக்கச் சொல்வார்கள்.